மடியில் இருக்கும் இடது கை

கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார். போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருந்தேன். சென்னையில் நாம் இரண்டு பேரும் முன்பு போன அதே இசைக்கருவிக் கடை. ஸ்பீக்கர் பார்க்க வந்த பொம்பளை உள்ளே நுழைந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் குனிந்து செருப்பைக் கழற்றுகிறாள்.

"செருப்பு போட்டுக்கினே வரலாம் மேடம், பரவால்ல" என்றார்.

"பேஸ் பெட்டி பாக்கணுங்க. செருப்போட நின்னா தெரியாது" என்றேன்.

அவர் அடிச்சத்தம் தரும் பேஸ் கிடார் ஒன்றைச் செருகித் தடித்த கம்பியை ஒரு தடவை இழுத்தார். டைல்ஸ் தரை ஜில்லென்று இருந்தது. புதுப் பெட்டிக்கே உள்ள பசை வாசனை. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே குதிகாலில் ஒரு நடுக்கம் ஏறியது. அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு பெட்டியைக் காட்டச் சொல்லிவிட்டேன்.

இதை உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று உன் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறொன்றையும் சொல்ல வேண்டும். அது வாயில் வர இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

நீ எங்கள் கம்பெனிக்கு வந்த புதிதில், கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டு. என் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வருவாய். ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கினால் ஒரகடம் வரைக்கும் நிற்காது. முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் திரும்பிக் கத்திவிட்டேன். என் கோபம் உனக்குத் தெரியாததா.

"இன்னாடி இது, காலங்காத்தால மண்டையில தட்டினு வர்ற? வேற வேலையே இல்லியா?"

நீ கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. "நீங்க பாட்டு முணுமுணுத்துட்டு வாரீங்கல்லாக்கா, அதுக்குத்தான் தட்டுதேன். பேஸு."

எனக்கே தெரியாமல் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பாடும் பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டு வந்திருக்கிறேன். பஸ் முழுக்கத் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. நீ ஒருத்திதான் கேட்டிருக்கிறாய். எனக்கு வெட்கமாகிவிட்டது, சிரித்துவிட்டேன். வண்டி சிக்னலில் நின்றபோது முன்சீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

தூத்துக்குடிப் பக்கம் உங்கள் ஊர். அண்ணன் சர்ச்சில் பேஸ் கிடார் வாசித்தவன், வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது கிடாரை உன்னிடம் விட்டுவிட்டுப் போனான். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஊரே சொல்லியிருக்கிறது. நீ அதைப் பூப்போட்ட பெட்ஷீட்டில் சுற்றி, இவ்வளவு தூரம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். வந்த இடத்தில் ஹாஸ்டல் வார்டன் உள்ளே விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து படுக்கிறவர்களின் தூக்கம் கெடும் என்றாராம். அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் கிடார் மண்ணூரில் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் குடியேறியது. ஞாயிறு காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து வருவாய், கிடாரை எடுத்துக்கொள்வாய், இரண்டு பேரும் நடந்தே சர்ச்சுக்குப் போவோம், அங்கே நான் கீபோர்டு, நீ பேஸ். ஆராதனை முடிந்தால் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. சாயங்காலம் ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் ஓடுவாய். ஒரு வருஷம் இப்படியே போயிற்று. என் வாழ்க்கையில் நான் யாரோடும் சண்டை போடாத வருஷம் அது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

அந்த வருஷம், விளைச்சலைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் புது ஸ்பீக்கர் வாங்கச் சபையில் முடிவு செய்தார்கள். அதுவரை கீபோர்டும் பேஸும் மைக் போகிற பழைய பெட்டியில்தான் கரகரத்துக்கொண்டிருந்தன. "உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே பாத்து வாங்கினு வந்துருங்கம்மா" என்று செயலாளர் ஐயா பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பேஸ் கிடாரையும் தூக்கிக்கொண்டு போனோம். பூப்போட்ட பெட்ஷீட்டைப் பார்த்துக் கண்டக்டர், "உள்ள இன்னாம்மா, பாடியா?" என்று கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். "கீபோர்டுல மேல கீழ எல்லா சத்தமும் வரும். மெல்லிசு சத்தத்தக்கூட எடுக்கிற பெட்டி வேணும். பேஸுக்கு அது வேணாம். ஆனா அடியில வர்ற சத்தத்த எடுக்க நல்லா கனமான பெட்டி வேணும். ரெண்டையும் ஒண்ணுலயே போட்டா ரெண்டும் மல்லுக்கு நிக்கும்." நம்மிடம் இருந்த தொகைக்கு, இரண்டு பேரும் செருகிக்கொள்ளும் பெரிய பெட்டி ஒன்று வாங்கலாம். அல்லது ஆளுக்கு ஒன்றாகச் சின்னப் பெட்டி இரண்டு வாங்கலாம்.

அப்போதுதான் நீ செருப்பைக் கழற்றினாய். ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கம்பியை இழுத்துப் பார்த்தாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள்.

"மானத்த வாங்காத. காதால கேளு."

"பேஸு காதுக்கு இல்லக்கா, காலுக்கு" என்றாய். "சர்ச்சுல எல்லாரும் வெறுங்காலோடதான இருக்காங்க. கால் வழியா ஏறணும். காதுல கேட்டுச்சுன்னா அது கூடிப்போச்சுன்னு அர்த்தம்."

ஓரத்தில் இருந்த ஒரு சின்ன பேஸ் பெட்டியின் முன்னால் வெகு நேரம் நின்றாய். "அக்கா, இது போதும் எனக்கு. சின்னதா இருந்தாலும் தனியா இருந்தாப் போதும்" என்றாய். உன் குரலில் கெஞ்சல் இருந்தது. நீ எதற்கும் கெஞ்சுகிற ஆள் இல்லை.

நான் என்ன செய்தேன்? பெரிய பெட்டியில் கடைக்காரர் ஒரு கீபோர்டைச் செருகினார். நான் இரண்டு கையையும் வைத்தேன். அப்பா! பட்டணத்துப் பெரிய கதீட்ரல் சர்ச்சில் வாசிப்பது போல ஒரு பியானோ சத்தம். பத்து வருஷமாகக் கரகரப்பில் வாசித்தவள் நான். அந்தச் சத்தத்தை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. "ரெண்டு பேருக்கும் இதுவே போதும்டி. ஒரே பெட்டின்னா தூக்கறதும் சுலபம்" என்று ஏதோ சொன்னேன். நீ கிடாரைப் பெட்ஷீட்டில் சுற்ற ஆரம்பித்தாய். "சரிக்கா, உங்களுக்குப் புடிச்சா சரி." வரும் வழியில் எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தாய்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பெட்டி என் பக்கம்தான் இருந்தது. என் சத்தத்தைக் கூட்டும் குமிழும் உன் சத்தத்தைக் குறைக்கும் குமிழும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

அறுப்பின் பண்டிகை அன்று சர்ச்சில் நிற்க இடமில்லை. முன்னால் பூசணிக்காயும் வாழைத்தாரும் கரும்புக்கட்டும் குவிந்திருந்தன. காணிக்கை எடுக்கும்போது பாடுகிற மெதுவான பாட்டை ஆரம்பித்தோம். இரண்டாவது வரி கீழ்ச் சுரத்துக்கு இறங்கும் இடத்தில், தலைக்கு மேல் தகர ஷீட்டு "டர்ர்ர்" என்று அதிர்ந்தது. குழந்தைகள் அண்ணாந்து பார்த்தன. அடுத்த சரணத்தில் அதே இடத்தில் மறுபடியும். மூன்றாவது தடவை பிள்ளைகள் சிரித்தே விட்டார்கள். செயலாளர் ஐயா குனிந்தபடி என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, அந்தப் பொண்ணு டொம்மு டொம்முனு இன்னாமோ வாசிக்குதே, கூரையே பிச்சிக்கினு பூடும் போல கீது. கொறைக்கச் சொல்லு."

நான் சொல்லவில்லை. நானே குமிழைத் திருகிக் குறைத்தேன். அதிர்வு நிற்கவில்லை. இன்னும் குறைத்தேன். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். உன் விரல் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. அப்போதும் ஷீட்டு அதிர்ந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கம்பெனியில் காலை முதல் மாலை வரை என் வேலையே குறை எங்கே என்று பார்ப்பதுதான். கார் கண்ணாடியில் மயிரிழை கீறல் இருந்தால் இரண்டு அடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவேன்.

ஆராதனை முடிந்து பாடகர் குழுவில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். நீ மெதுவாக என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாய். "அக்கா, உங்க இடது கைய மட்டும் கொஞ்சம் எடுத்துட்டு வாசிச்சுப் பாருங்க. நீங்களும் அடியிலயே வாசிக்கீங்க, நானும் அடியிலயே வாசிக்கேன். ஒரே எடத்துல ரெண்டு பேரு நிக்கோம். அதான் இடிக்கு."

எங்கள் சபையில் அதுவரை பேஸ் வாசிக்க ஆள் இருந்ததே இல்லை. வலது கையில் பாட்டு, இடது கையில் அடிச்சத்தம், இரண்டும் நான்தான். பத்து வருஷப் பழக்கம். நீ வந்த பிறகும் அந்தக் கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பழைய பெட்டியில் அது வெளியே கேட்கவே கேட்காது. புதுப் பெட்டிதான் அதைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டது. நீ சொன்னது அத்தனையும் சரி. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"பத்து வருஷமா வாசிக்கிறேன் இந்த சர்ச்சுல. நேத்து வந்தவ நீ எனக்குக் கை வைக்கச் சொல்லித் தர்றியா? உன்னால ஊரே சிரிச்சுது. வாசிக்கத் தெரிஞ்சா வாசி, இல்லாட்டி சும்மா இரு."

நான் மெதுவாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்டது. நீ வயரைச் சுருட்டினாய். பெட்ஷீட்டில் கிடாரைச் சுற்றினாய். எனக்கு முன்னால் நடந்து போய், வழக்கம்போல் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் வைத்தாய். என் வீட்டுக்காரருக்கு நடந்தது தெரியாது.

"கறி கொதிச்சுக்கினு கீது, துன்னுட்டுப் போம்மா" என்றார்.

"இல்லண்ணே, வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாய். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, வெளியே வராமல், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். குழம்புக்கு வெங்காயம் ஏற்கெனவே போட்டாயிற்று.

அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. நான்தான் தனியாக வாசித்தேன். காணிக்கைப் பாட்டு. இரண்டாவது வரி இறங்கியது. மேலே ஷீட்டு "டர்ர்ர்" என்றது.

செயலாளர் ஐயா பழக்கதோஷத்தில் நீ நிற்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்றாவது சரணத்தில் இடது கையை எடுத்துவிட்டேன். ஷீட்டு வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் அவர் வந்து, "காத்து பலமா கீது போல" என்றார்.

"ஆமாங்கய்யா, காத்துதான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். உன்னைத் திட்டியதைக்கூட விட்டுவிடலாம், கோபத்தில் வாய் தவறிப்போயிற்று. இது அப்படி இல்லை. நிதானமாக, தெரிந்தே சொன்னேன். குறை யாருடையது என்று தெரிந்த பிறகு, உன் பேரில் இருந்த பழியை அப்படியே இருக்க விட்டேன். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

அப்புறமும் நேரம் இருந்தது. உனக்கு ஷிப்ட் மாறிவிட்டது, பஸ்ஸில் பார்க்க முடியவில்லை. ஆனால் உன் நம்பர் என் போனில் இருந்தது. "வாடி" என்று டைப் செய்வேன், அழித்துவிடுவேன். போனில் எதற்கு, கிடாரை எடுக்க வருவாள் அல்லவா, அப்போது முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் பெட்ஷீட்டின் பூ கண்ணில் படும். கிடார் இங்கேதானே இருக்கிறது, அதை விட்டுவிட்டு எங்கே போய்விடுவாள் என்று ஒரு தைரியம். ஒப்பந்தம் முடிந்து நீ ஊருக்குப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டபோதுகூட அந்தத் தைரியம் போகவில்லை. கிடாருக்காவது வருவாள்.

உன்னோடு ஹாஸ்டலில் இருந்த பெண் கேன்டீனில் வந்து சொன்னாள். காய்ச்சல். மூன்றே நாளில் எல்லாம் முடிந்துவிட்டதாம். எனக்கு முன்னால் தட்டில் சாம்பார் சாதம் இருந்தது. "கிடார் எங்க வூட்லதான கீது" என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

போன மாதம் அந்தப் பெரிய பெட்டி பழுதாகிவிட்டது. மறுபடியும் கமிட்டி கூடியது, மறுபடியும் அதே மாதிரி ஒரு பெரிய பெட்டி வாங்கலாம் என்றார்கள். நான் எழுந்து, வேண்டாம், சின்னதாக இரண்டு வாங்கலாம், ஒன்று பேஸுக்கு என்றேன்.

"பேஸ் வாசிக்க ஆளே இல்லியேம்மா. யாருக்கு இது?" என்றார் செயலாளர் ஐயா.

அப்போது சொல்லிவிட்டேன். அத்தனை பேருக்கும் முன்னால்தானே உன்னைத் திட்டினேன், அத்தனை பேருக்கும் முன்னால்தானே சொல்ல வேண்டும். கூரை அதிர்ந்தது உன்னால் இல்லை, என் இடது கையால். அடுத்த வாரமே எனக்குத் தெரியும். காற்று என்று நான் சொன்னது பொய். "நானும்தாம்மா அந்தப் பொண்ணச் சொன்னேன். எனுக்கும் தோணுச்சு அன்னிக்கே. கேக்காம வுட்டுட்டேன்" என்றார் ஐயா. இரண்டு பெட்டிக்கு எல்லாரும் சம்மதித்தார்கள். கதீட்ரல் சத்தம் இனி எனக்கு இல்லை. கீபோர்டுக்கு வாங்கியது சின்னது, சுமாராகத்தான் பாடுகிறது.

கடையிலிருந்து வந்த அன்று மாலை, அந்த ஹாஸ்டல் பெண்ணிடம் நம்பர் வாங்கி உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். இரண்டு வருஷம் செய்யாத போன். யார் என்று சொன்னதுமே, "அக்காவா? மண்ணூர் அக்காவா?" என்று கேட்டார்கள். என்னைவிட இருபது வயது பெரியவர்கள், உன் வாயால் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் நான் அக்காவாகிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் திட்டியது, காற்று என்று சொன்னது, அழித்த மெசேஜ், எதையும் மறைக்கவில்லை. கிடாரை அனுப்பிவைக்கட்டுமா என்று கேட்டேன்.

உன் அம்மா சொன்னார்கள். "நாங்களும் கேட்டோம்மா, அத ஏன்ட்டி அங்கனயே போட்டுட்டு வந்தன்னு. எடுத்துட்டு வந்துட்டா, பொறவு எந்தச் சாக்குல அங்க போக, அக்கா கோவம் ஆறுனதும் கூப்புடுவாங்க, அப்பப் போயி வாசிச்சுக்கிடுதேன்னா. போனைப் பக்கத்துலயே வச்சிட்டுதான் கெடந்தா."

நான் உன் கிடாரை நம்பி உட்கார்ந்திருந்தேன். நீயும் அதே கிடாரை நம்பித்தான் உட்கார்ந்திருந்தாய். இரண்டு பேரில் யார் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"சும்மா சாத்தி வைக்காதீங்கம்மா, கம்பி துருப்புடிச்சிரும். யாராச்சும் வாசிக்கட்டும்" என்று சொல்லி உன் அம்மா போனை வைத்தார்கள்.

கம்பி ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டது. புதுக்கம்பி மாற்றினேன். பெட்ஷீட்டைத் துவைத்து மடித்து பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு கிடாரை நீ நிற்கும் இடத்தில், அந்தச் சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். வாசிக்க ஆள் இன்னும் வரவில்லை. வந்தால் கொடுத்துவிடுவேன். காதால் கேட்காதே, காலால் கேள் என்று சொல்லிக் கொடுப்பேன், யார் சொன்னது என்றும் சொல்வேன்.

அதுவரை வலது கையால் மட்டும்தான் வாசிக்கிறேன். பாட்டு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது, ஒரு பாட்டிகூடக் கேட்டுவிட்டார்கள், "கையில இன்னா அடியா?" என்று. காணிக்கைப் பாட்டில் இரண்டாவது வரி இறங்கும்போது இடது கை பழக்கத்தில் தானாக எழுந்துவிடும். அதை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் நீ வாசிப்பாய், நான் ஏன் குறுக்கே வர வேண்டும்?